மலைப்பாதையில் காரின் குலுக்கலைக் குறைக்க எதை முதலில் மாற்ற வேண்டும்?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய டீசல் ஸ்விஃப்ட், 15 இஞ்ச் வீல், ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. முதுகுவலிக்குச் சிகிச்சையில் இருக்கும் அம்மாவை அடிக்கடி கோயம்புத்தூருக்கு அழைத்துப் போக வேண்டும். பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு ஒவ்வொரு குழியும் முதுகில் இறங்குகிறது. குஞ்சப்பனை தாண்டுவதற்குள் குமட்டலும் வந்துவிடுகிறது. ஒரு கடையில் 16 இஞ்ச் அலாய் வீலும் அகலமான டயரும் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைத்தால் போதும் என்கிறார். நண்பர் ஒருவர் விலை உயர்ந்த வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் நான்கையும் வாங்கச் சொல்கிறார். எதைச் செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, இந்த மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டும் அம்மாவின் முதுகுக்கு இன்னும் கெடுதல். மூன்றாவது, வீட்டில் ஓடு ஒழுகும்போது சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் செலவழிக்கச் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து தேய்ந்துபோன சின்னச் சின்ன ரப்பர்கள், பிறகு டயர், அதன் பிறகு ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கில் கை வைக்கவே வேண்டாம், உடைந்திருந்தால் ஒழிய.

ஏன் இந்த வரிசை என்று புரிய, உடம்புக்கு எது வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 முறை வருவதைத்தான் மிக அதிகமாக உணரும். காரின் உடல் ஸ்பிரிங்மேல் ஆடுவது நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை. அது தாலாட்டுகிற ஆட்டம், அளவோடு இருந்தால் தொந்தரவில்லை. வீல் தனியாகத் துள்ளுவது நொடிக்கு 10 முதல் 15 முறை. ரோட்டின் கரகரப்பு அப்படித்தான் உள்ளே வருகிறது. குமட்டலோ வேறு கணக்கு. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்கிற மாதிரி மிக மெதுவாக வரும் அசைவுதான் வயிற்றைப் புரட்டும். வளைவுக்கு வளைவு பிரேக், திருப்பம், ஆக்சிலேட்டர் என்று மாறி மாறி வருவது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் இருக்கிறது. அதாவது உங்கள் அம்மாவுக்கு இரண்டு பிரச்சினை. முதுகில் இறங்கும் அடி வண்டியின் பிரச்சினை. குமட்டலில் பெரும்பகுதி ஓட்டும் விதத்தில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மலையில் இன்னொன்றும் உண்டு. சமவெளி நான்குவழிச் சாலையில் மெத்து மெத்தென்று போகும் வண்டி, கொண்டை ஊசி வளைவில் சாய்ந்துகொண்டே போகும், நிமிர்ந்த பிறகும் ஆடும். நமக்கு வேண்டியது, குழியில் இறங்கி ஏறினால் ஒரே ஆட்டத்தில் அடங்கிவிடும் வண்டி.

சரி, காற்று. இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் நான் பார்க்கும் வண்டிகளில் பாதிப் புகார் இங்கேதான் தீர்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இரண்டு பேர் போகும்போது எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அந்த எண்தான் எண். காற்றடிக்கும் இடங்களில் "எல்லா வண்டிக்கும் 38" என்று அடித்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. நான்கைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடினாலே டயர் கல்லாகிவிடும். காற்றழுத்தம் பார்க்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், டூல்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

மலைக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: கீழே அடித்த காற்று மேலே வந்தால் கூடுமா, குறையுமா? இரண்டும் நடக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் டயருக்குள் காற்று குளிர்ந்து சுருங்கி ஏறக்குறைய அதே 3 பிஎஸ்ஐயைக் குறைத்துவிடும். கடைசியில் கணக்கு சமம். இறங்கும்போதும் அப்படியே, தலைகீழாக. அதனால் ஊருக்கு ஊர் காற்றைக் கூட்டிக் குறைக்கத் தேவையில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன், கோத்தகிரிக் குளிரில், வீட்டு வாசலில் ஸ்டிக்கர் அளவுக்கு வையுங்கள், போதும். கூடாத காரியம் ஒன்று உண்டு. காட் ரோடு இறங்கி மேட்டுப்பாளையத்தில் நிற்கும்போது டயர் சூடாக இருக்கும், பிரேக் சூடும் ரிம்மில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் கேஜ் வைத்து "கூடிப்போச்சு" என்று காற்றைப் பிடுங்கினால், மறுநாள் குளிரில் பார்க்கும்போது அளவு கீழே கிடக்கும்.

சொகுசுக்காக ஸ்டிக்கருக்குக் கீழே 5, 6 பிஎஸ்ஐ இறக்கி ஓட்டுபவர்களும் உண்டு. வேண்டாம். வளைவில் டயர் மடங்கும், ஓரம் தேயும், குழியின் விளிம்பில் பட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவரான சைடுவால் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும். பக்கத்தில் முட்டை மாதிரி புடைப்பு வருவது அதனால்தான். அப்படி ஒரு டயரோடு மலை இறங்கக் கூடாது. நைட்ரஜன் அடித்தால் சொகுசு கூடும் என்பதை நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அப்புறம் ரப்பர்கள். ஒரு லட்சம் ஓடிய வண்டியில் ஷாக் அப்சார்பரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வீலைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்), வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் புஷ், அந்தப் பாரை இணைக்கும் லிங்க் ராடு, ஷாக்கின் தலையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், பின்பக்கம் இரண்டு வீலையும் இணைக்கும் ஆக்சில் பீமைப் பிடித்திருக்கும் பெரிய புஷ், எல்லாவற்றுக்கும் மேலாக பம்ப் ஸ்டாப். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் இருக்கிறது, காது கொடுத்தால் தெரியும்.

சின்னக் கற்கள் மேல் மெதுவாகப் போகும்போது "கட கட கட" என்று முன்னாடி கேட்டால் முதல் சந்தேகம் லிங்க் ராடு. பிரேக் பிடித்ததும் ஒரு "டொக்", ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுக்கும்போது இன்னொரு "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது "டங்" என்று கம்பி விடுபடுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். இதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. வேறொருவரை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் விரலை லேசாக ஒட்டி வையுங்கள், சுருளுக்குள் விரல் போகக் கூடாது. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு திரும்பும். கெட்டுப்போயிருந்தால் சுருள் முறுக்கிக்கொண்டு நின்று, பட்டென்று துள்ளி விடுபடும். அந்தத் துள்ளல் விரலில் தெளிவாகத் தெரியும்.

பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் ஸ்பாஞ்ச் மாதிரியான கட்டை. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசியில் தாங்குவது இதுதான். ஏழெட்டு வருடத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்துபோகும். பின்சீட்டில் ஆட்கள், டிக்கியில் சாமான் என்று இருக்கும்போது வேகத்தடையில் "தம்" என்று முதுகுத்தண்டு வரை இடிக்கிறது என்றால் அநேகமாக அங்கே ஸ்பாஞ்ச் இல்லை, வெறும் தண்டுதான் இருக்கிறது. உங்கள் அம்மா சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது பின்பக்க பம்ப் ஸ்டாப்தான். புது ஷாக் வாங்கும்போது பெரும்பாலும் இது கூட வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய உதிர்ந்த கட்டையையே புது ஷாக்கில் மாட்டி அனுப்பிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

புஷ் மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள், இது முக்கியம். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியே இருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வீல் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக டைட் வைத்தால், கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வண்டி விறைப்பாக ஓடும், சில மாதத்தில் புஷ் கிழியும். போல்ட்டை லூசாக மாட்டிவிட்டு, வண்டி தன் எடையில் நான்கு வீலிலும் நின்ற பிறகுதான் கடைசி டைட் வைக்க வேண்டும். பின் ஆக்சில் பீம் புஷ்ஷுக்கும் இதே விதி. புதுப் புஷ் போட்டும் வண்டி கட்டையாக இருக்கிறது என்று வருகிறவர்களின் வண்டியில், போல்ட்டைத் தளர்த்தித் தரையில் நிறுத்தி மறுபடி டைட் வைத்ததுமே வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

இனி டயர். 16 இஞ்ச் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். உங்கள் டயர் 185/65 ஆர்15. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் சைடுவால் உயரம், டயரின் அகலமான 185 மில்லிமீட்டரில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 16 இஞ்சுக்கு 195/55 போட்டால் அது 107 ஆகிவிடும். இதே ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்டில் கம்பெனியே போட்டுத் தந்த 165/80 ஆர்14இல் 132. மூன்றுக்கும் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர்தான், ஸ்பீடோமீட்டர் மாறாது. மாறுவது நடுவில் இருக்கும் காற்று மெத்தை மட்டும். குழியின் முதல் அடியை வாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை, இந்த சைடுவால்தான். அதைக் குறைக்கக் காசு கொடுப்பது நியாயமே இல்லை. கனமான பெரிய வீல் துள்ளினால் அடக்குவதும் கஷ்டம்.

அப்படியானால் 14 இஞ்சுக்கு இறங்கலாமா? தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டில்தான் தினமும் ஓட்டம் என்றால் இறங்கலாம், சொகுசு நிச்சயம் கூடும். பிரேக் காலிப்பருக்கு ரிம் இடிக்காமல் இருக்கிறதா என்று மாட்டிப் பார்க்க வேண்டும். டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் லோட் எண், அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. ஆனால் உங்கள் ஓட்டம் முக்கால்வாசி தார் ரோடு, அதுவும் வளைவும் மழையும் உள்ள ரோடு. உயரமான மெல்லிய டயர் திருப்பத்தில் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்லும். என் யோசனை, 185/65 ஆர்15இலேயே இருங்கள், நல்ல டயராக மாற்றுங்கள்.

அதற்கு முன் இப்போதுள்ள டயரின் வயதைப் பாருங்கள். சைடுவாலில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (ரோட்டில் படும் வரிவரியான ரப்பர்) நிறைய இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் ரப்பர் இறுகிவிடும். நம் ஊர் வெயில் ஒருபக்கம், மலையின் குளிர் ஒருபக்கம். இறுகிய டயர் குலுக்கும், சத்தம் போடும், மழையில் வழுக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் வரை ஓடலாம். ஐப்பசி மழையில் கோத்தகிரி ரோட்டில் ஓட்டுபவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்கும்போது சத்தம் குறைந்த, டூரிங் வகை டயராகக் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் என்றும், கல் ரோட்டுக்கான முரட்டுப் பட்டன் என்றும் வருவதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். மாட்டும்போதே வால்வும் புதிதாகப் போட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

பழைய டயரைக் கழற்றியதும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளங்கையை அதன் பட்டன் மேல் வைத்து, உருளும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை தடவுங்கள். சாணுக்கு ஒரு குழி என்று ஏறி இறங்கினால் வீல் ரோட்டில் ஒட்டாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஷாக் போய்விட்டது, அல்லது பேலன்சிங் இல்லை. குறுக்காகத் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரியும் பட்டால் அலைன்மென்ட். இந்தச் சோதனை ஆயிரம் பேச்சுக்குச் சமம்.

ஷாக் அப்சார்பர். இது எடையைத் தாங்குவதில்லை, தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயின் வழியாகச் சூடாக மாற்றி அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே வால்வும் சீலும் மெல்ல மெல்லத் தேய்வதால் ஓட்டுபவருக்குத் தெரியாது, பழகிப்போகும். தண்டில் லேசாக எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். புழுதி சேறாகி ஒட்டும் அளவுக்கு உடல் முழுவதும் ஈரமாக இருந்தால் முடிந்தது. பானட்டை அழுத்தி விடும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், அரைகுறையாகத் தேய்ந்த ஷாக் அதில் தேறிவிடும். வளைவிலிருந்து வெளியே வந்து ஸ்டீயரிங்கை நேராக்கிய பிறகு வண்டி இன்னொரு முறை அசைகிறதா, பிரேக்கில் மூக்கு குத்திக்கொள்கிறதா, அரவேணு பக்கம் தார் ஒட்டுப்போட்ட இடங்களில் பின்பக்கம் விலகித் துள்ளுகிறதா என்று பாருங்கள். ஒரு லட்சத்தில், அதுவும் மலையில், மாற்ற வேண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கம்பெனி பார்ட்டோ, கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி போன்ற தெரிந்த பெயர்களில் அசல் பொருளோ போதும். வெளிநாட்டில் கோனி போன்றவர்கள், சின்ன அதிர்வில் இளகியும் பெரிய சாய்வில் இறுகியும் வேலை செய்யும் ஷாக் தருகிறார்கள். நல்ல சரக்குதான், ஆனால் புஷ்ஷும் பம்ப் ஸ்டாப்பும் போன வண்டியில் அந்தப் பணம் வீண். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பக்கம் வேறு பார்ட்டாக இருக்கக்கூடும், டீசல் இன்ஜின் கனம். பார்ட் நம்பரை ஒத்துப் பார்த்து வாங்குங்கள். ஒன்று ஒழுகினாலும் ஜோடியாக மாற்ற வேண்டும். மாட்டும் முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்துக் கையால் நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்திருந்த ஷாக்கில் எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும், அது வெளியேறும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை, கம்ப்ரசர் டூல் இல்லாத இடத்தில் செய்ய விடாதீர்கள். விடுபட்டால் ஆளை அடித்துவிடும்.

அந்த ரப்பர் பஃபர்? சுருளுக்கு நடுவில் வைத்தால் அந்தச் சுருள் அசையாது. மீதிச் சுருள்கள்தான் வேலை செய்யும், ஸ்பிரிங் விறைக்கும். வண்டி அரை இஞ்ச் உயர்ந்து, வேகத்தடையில் வயிறு இடிக்காமல் போவதால் நல்லதாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு அடியும் கூடுதலாக உள்ளே வரும். ஸ்பிரிங்கை வெட்டுவது, ஸ்பேசர் வைத்து உயர்த்துவது இவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் சொன்னதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்ற, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை போடுகிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸிலும் வம்பு.

இப்போது குமட்டல். அம்மாவை முன்சீட்டுக்கு மாற்றுங்கள், இதை இன்றைக்கே செய்யலாம். பின்சீட்டு ஏறக்குறைய பின் ஆக்சிலின் மேலேயே இருக்கிறது, அடி நேராக வரும். முன்சீட்டு இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், ஆட்டம் குறைவு. ரோடும் கண்ணுக்குத் தெரியும், வயிறு புரட்டுவது குறையும். சீட்டின் சாய்வை நன்றாகப் பின்னால் தள்ளாமல், இடுப்புக்கு ஒரு சுருட்டிய துண்டு கொடுங்கள். நீங்கள் ஓட்டும்போது, வளைவுக்கு முன்பே நேர்ரோட்டில் பிரேக் முடிந்துவிட வேண்டும். இரண்டாவது கியரில், ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, வெளியே வந்தபின் மெல்ல ஆக்சிலேட்டர். வளைவுக்கு நடுவில் பிரேக்கைத் தொடுவதும், இறக்கத்தில் விட்டு விட்டு மிதிப்பதும்தான் அம்மாவின் வயிற்றைப் புரட்டுகிறது. ஷாக் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் இதை அது சரிசெய்யாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். காற்றைச் சரிசெய்து, சீட்டை மாற்றி ஒரு தடவை கோயம்புத்தூர் போய் வாருங்கள். அடுத்து பம்ப் ஸ்டாப்பும் புஷ்களும். பின்பக்க ஷாக்கைக் கழற்றினால்தான் பம்ப் ஸ்டாப் தெரியும் என்பதால், ஷாக்கும் ஒழுகியிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம். அதே லோடு, அதே ரோடு, அம்மா அதே சீட்டில் என்று வைத்து ஒவ்வொன்றுக்கும் வித்தியாசத்தை அவரிடமே கேளுங்கள். முன்பக்கம் ஷாக்கோ லோயர் ஆர்மோ கழற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். வீல் நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி டைட் பாருங்கள். ஸ்டீயரிங் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், "ஓட ஓடச் சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அலைன்மென்ட் கடைக்குத் திரும்பப் போய்விடுங்கள்.